காபூல் கோர்ட் வாசலில் பத்து மாதம்: ஆப்கன் நீதிமன்றங்களை அரித்தது எது?

பாலாற்றங்கரை | ஞாயிறு, இரவு 9:40

2010 கடைசியிலிருந்து இரண்டரை வருடம் காபூலில் வேலை பார்த்தேன். முகாம்களுக்கு அரிசி, எண்ணெய், டின் சாமான் அனுப்பும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்ததும், மூன்று லட்சம் பேர் என்று கணக்குக் காட்டிய படை எப்படிக் கரைந்தது என்று இதே தளத்தில் பக்கம் பக்கமாகப் பேசினோம். கோர்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அன்றைக்கே எழுதத் தோன்றியது, மனசு வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எங்கள் கிடங்கில் லோகர் மாகாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். அப்போது நாற்பது வயது இருக்கும். பெயர் வேண்டாம், கிடங்குக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ரஷ்யப் படை இருந்த காலத்தில் குடும்பத்தோடு பெஷாவருக்கு ஓடிப்போய், 2003ல் திரும்பி வந்தவர். வந்து பார்த்தால் அவர்களுடைய நிலத்தில் வேறொருவர் கோதுமை போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கையிலும் ஒரு பத்திரம். அங்கே நிலப் பத்திரத்தை 'கபாலா' என்பார்கள். மன்னர் காலத்துக் கபாலா, கம்யூனிஸ்ட் ஆட்சி நிலத்தைப் பிரித்துக் கொடுத்த காகிதம், ரஷ்யரை எதிர்த்துச் சண்டை போட்ட முஜாஹிதீன் தளபதிகள் எழுதிக் கொடுத்தது, தாலிபான் முதல் ஆட்சியில் வாங்கியது என்று ஒரே வயலுக்கு நாலு காகிதம் இருக்கிற ஊர் அது.

வழக்குப் போட்டார். ஊரிலிருந்து காபூலுக்கு வந்த வழக்கு. பத்து மாதம் நடந்தார். காகிதமெல்லாம் தாரி மொழியில், அதாவது அங்கே பேசுகிற பாரசீகத்தில். அவர் பஷ்தூன், தாய்மொழி பஷ்தோ, தாரியும் பேசுவார், ஆனால் சட்டத் தாரியைப் படிக்க வராது. காபூல் பள்ளிக்கூடத்தில் படித்த பத்து வயது மகள்தான் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வாளாம்.

பாதுகாப்பு காரணம் சொல்லி எங்களை வெளியே விட மாட்டார்கள். ஒரே ஒரு தடவை அவரோடு கோர்ட் வாசல் வரை போனேன். ரோட்டோரம் குடை நட்டு, சின்னப் பலகை போட்டு, மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். 'அரீஸா நவீஸ்' என்று பெயர். நம் தாலுகா ஆபீஸ் வாசலேதான். உள்ளே ஒரு குமாஸ்தாவிடம் வழக்குக் காகிதக் கட்டைக் கொடுத்தார். அந்த ஆள் கட்டைத் தொடவில்லை. மேசை டிராயரை ஒரு சாண் இழுத்து விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கிடங்குக்காரர் நோட்டை உள்ளே போட்டதும் டிராயர் மூடியது. அப்புறம்தான் கட்டு நகர்ந்தது. அதற்கு அங்கே 'ஷிரீனி' என்று பெயர். இனிப்பு என்று அர்த்தம்.

பதினோரு வாய்தா. எதிராளி ஒரு பழைய தளபதிக்குச் சொந்தக்காரர். கடைசியில் கட்டே காணாமல் போய்விட்டது என்றார்கள். நகல் வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து என்றார்கள்.

அவர் ஊருக்குப் போனார். லோகரில் அப்போது தாலிபானின் மறைமுக கோர்ட் நடந்தது. இரண்டே அமர்வு. இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கூப்பிட்டு, கபாலாவையும் பழைய நிலவரி ரசீதுகளையும் பார்த்து, நிலம் இவருடையது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரத்தில் எதிராளி காலி செய்தார். தாலிபானை வெறுத்த மனிதர் இவர். இவருடைய அண்ணன் மகனை அவர்கள்தான் சுட்டார்கள். 'அவர்களிடமா போனீர்கள்?' என்று கேட்டேன். 'பத்து மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தன் என் காகிதத்தைப் பிரித்து, கடைசி வரி வரை படித்தான்' என்றார்.

2010 ஜனவரியில் ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் ஒரு ஆய்வு வெளியிட்டது. 12 மாகாணங்களில் 7,600 பேரைக் கேட்டார்கள். ஒரு வருடத்தில் ஆப்கன் மக்கள் கொடுத்த லஞ்சம் 250 கோடி டாலர், நாட்டு உற்பத்தியில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தடவை கொடுக்கிற லஞ்சம் சராசரி 160 டாலர். அன்றைக்கு அங்கே தலைக்கு ஆண்டு வருமானம் 425 டாலர். நாட்டின் பெரிய பிரச்சினை எது என்று கேட்டதற்கு 59 சதவீதம் பேர் லஞ்சம் என்றார்கள். குண்டு வெடிக்கிற நாட்டில், பாதுகாப்பின்மை அதற்கு அடுத்த இடம்தான்.

இது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

புதியவன்22 | ஞாயிறு, இரவு 10:25

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. ஒரு சந்தேகம். ஜட்ஜ் சம்பளம் குறைவாக இருந்ததால்தானே வாங்கினார்கள்? அவ்வளவு டாலர் வந்த நாட்டில் சம்பளத்தை உயர்த்தியிருந்தால் சரியாகியிருக்காதா?

---

வழக்காடி | திங்கள், காலை 6:50

மதுரையில் இருபத்திரண்டு வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். அந்த டிராயரைப் படித்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது. அந்த கோர்ட் எனக்கு அந்நியமாகவே படவில்லை. நகல், ஆஜர், பைசல், ஜாமீன், ரத்து, வக்கீல், இதெல்லாம் நமக்கு அரபியும் பாரசீகமும் கொடுத்த சொற்கள். காபூல் வராந்தாவிலும் இதே சொற்களைக் கொஞ்சம் வேறு உச்சரிப்பில் கேட்கலாம்.

புதியவன் தம்பி, சம்பளம் ஒரு காரணம்தான். ஆரம்ப வருடங்களில் அங்கே ஜட்ஜ் ஒருவருக்கு மாதம் 100 டாலர்கூட இல்லை. காபூலில் வீட்டு வாடகையே அதைவிட அதிகம். வெளிநாட்டு அமைப்பில் மொழிபெயர்ப்பாளராகவோ டிரைவராகவோ போனால் அதைப்போல் பல மடங்கு கிடைக்கும். படித்தவர்கள் அங்கே போய்விட்டார்கள். பல மாவட்டங்களில் கோர்ட் கட்டடம் இல்லை, சட்டப் புத்தகம்கூட இல்லை. கையில் சட்டம் இல்லாத நீதிபதி எதை வைத்துத் தீர்ப்பு எழுதுவார்?

ஆனால் எனக்குப் பெரிய கோபம் வேறு இடத்தில். 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்தில், புது ஆப்கன் அரசு அமைக்க ஒப்பந்தம் போட்டார்கள். அப்புறம் நன்கொடை நாடுகள் வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டன. ராணுவம் அமெரிக்காவுக்கு, போலீஸ் ஜெர்மனிக்கு, போதை ஒழிப்பு பிரிட்டனுக்கு, ஆயுதக் களைவு ஜப்பானுக்கு, நீதித்துறை இத்தாலிக்கு. அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய வேலையைத் துண்டு போட்டால் என்ன ஆகும்? போலீஸ் பிடிக்கிறது ஒரு முறையில், அரசு வக்கீல் நடத்துவது இன்னொரு முறையில். 2004ல் வந்த இடைக்காலக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை இத்தாலிய ஆலோசகர்கள்தான் எழுதினார்கள். உள்ளூர்ச் சட்ட அறிஞர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களே எழுதிய முழுச் சட்டம் வர 2014 ஆயிற்று. பத்து வருடம்!

அந்தப் பத்து வருடத்தில் எந்த வழக்கு எந்தச் சட்டப்படி நடக்கிறது என்று கட்சிக்காரருக்குத் தெரியாது. நடைமுறை தெளிவில்லாத இடத்தில் ஒவ்வொரு படியும் ஒரு டிராயர் ஆகிவிடும். என் அனுபவத்தில் சொல்கிறேன், லஞ்சம் வாங்குகிறவர் முதலில் செய்கிற வேலை விதியை மறைப்பதுதான். 'இதுக்கு இன்னொரு ஃபாரம் இருக்கு, நாளைக்கு வாங்க' என்கிற அந்தக் குரல்.

நியமனத்துக்கு வருவோம். 2004 அரசியல் சட்டத்தின்படி உச்ச நீதிமன்றத்துக்கு ஒன்பது நீதிபதிகள், ஜனாதிபதி நியமிப்பார், கீழ்ச்சபை ஒப்புதல் தரும். முதலில் தலைமை நீதிபதியாக இருந்தவர் ஃபஸ்ல் ஹாதி ஷின்வாரி என்ற முதிய மார்க்க அறிஞர். அந்தப் பதவிக்கு வேண்டிய சட்டப் படிப்பு அவருக்கு இல்லை என்று அப்போதே கேள்வி எழுந்தது. 2006ல் நாடாளுமன்றம் அவரை நிராகரித்தது. அடுத்து வந்தவர் அப்துல் சலாம் அசிமி, பேராசிரியர், மாற்றம் வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். அவருடைய காலம் 2010ல் முடிந்தது. புதிதாக ஒருவரை நியமித்து நாடாளுமன்ற ஒப்புதல் வாங்காமல், அன்றைய ஜனாதிபதி கர்சாய் அவரையே 2014 வரை உட்கார வைத்தார். காலம் முடிந்த நீதிபதி தினமும் காலையில் யார் தயவில் நாற்காலியில் உட்காருகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

---

தென்பொதிகை | திங்கள், காலை 11:15

தேசிய வங்கி ஒன்றில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். காபூல் வங்கி விஷயத்தை அந்தக் காலத்திலிருந்தே கவனித்து வந்திருக்கிறேன். அதை எழுதாமல் இந்த இழை முழுமையாகாது.

ஷெர்கான் ஃபர்னூத் என்பவர் 2004ல் தொடங்கிய வங்கி. ஹவாலா நடத்தியவர், உலக அளவிலான போக்கர் போட்டிகளில் விளையாடியவர். சிப்பாய்க்கும் போலீசுக்கும் வாத்தியாருக்கும் அரசாங்கச் சம்பளம் இந்த வங்கி வழியாகத்தான் போனது. ஜனங்கள் தங்கள் சேமிப்பைப் போட்டார்கள். 2010 ஆகஸ்ட் கடைசியில், வங்கி தள்ளாடுகிறது என்று செய்தி கசிந்தது. செப்டம்பரில், ரம்ஜான் நெருங்கும் நேரத்தில், கிளை வாசல்களில் கூட்டம்.

அப்புறம் நடந்த விசாரணையில் வந்த கணக்கு இது: கொடுத்த கடனில் 92 சதவீதத்துக்கு மேல், ஏறக்குறைய 86 கோடி டாலர், பத்தொன்பதே ஆட்களுக்கும் நிறுவனங்களுக்கும் போயிருக்கிறது. இரண்டு செட் கணக்கு வைத்திருந்தார்கள். இல்லாத கம்பெனிகளின் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரப்பர் முத்திரைகள் கிடைத்தன. நான் கிளை ஆய்வுக்குப் போகிற நாட்களில் ஒரு பொய்யான முத்திரையைக் கண்டாலே அன்று சாப்பாடு இறங்காது. நூறு முத்திரை என்பது ஒரு அலமாரி நிறைய. பார்த்தும் பார்க்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும்!

பங்குதாரர்களில் ஜனாதிபதியின் அண்ணன் மஹ்மூத் கர்சாய் இருந்தார், துணை ஜனாதிபதி ஃபஹீமின் தம்பியும் இருந்தார். வழக்கு தனித் தீர்ப்பாயத்துக்குப் போய், 2013 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஃபர்னூதுக்கும் தலைமை நிர்வாகி கலிலுல்லா ஃபெரோசிக்கும் தலா ஐந்து வருடம். தண்டிக்கப்பட்ட 21 பேரில் மேற்பார்வை பார்த்த மத்திய வங்கி அதிகாரிகளும் உண்டு. அந்த இரண்டு பெரிய வீட்டுச் சகோதரர்களும் இல்லை.

2014 செப்டம்பரில் அஷ்ரப் கனி ஜனாதிபதியாகப் பதவியேற்ற இரண்டாம் நாளே வழக்கை மறுபடி திறக்கச் சொன்னார். மேல்முறையீட்டில் இருவருக்கும் பத்து வருடம். சரி, நாடு திருந்தப் போகிறது என்று நினைத்தேன். அடுத்த வருடம் நவம்பரில் அதே ஃபெரோசி, தண்டனைக் கைதி, காபூலில் ஒரு பெரிய வீட்டுமனைத் திட்ட விழாவில் அரசாங்க அதிகாரிகளோடு உட்கார்ந்திருக்கிறார். பகலில் வெளியே வந்து தொழில் செய்து கடனை அடைக்கட்டும் என்று ஏற்பாடாம். ஜனங்கள் கொதித்ததும் ரத்து செய்து மறுபடி உள்ளே போட்டார்கள். ஃபர்னூத் 2018ல் சிறையிலேயே இறந்தார். போன பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை.

கிடங்குக்காரரின் டிராயரில் விழுந்தது சில ஆயிரம் ஆப்கானி. அந்தக் குமாஸ்தா இந்த வழக்கின் செய்தியை ரேடியோவில் கேட்டிருப்பார். மேலே இப்படி நடக்கிறது என்று தெரிந்தபின் அவர் ஏன் டிராயரை மூடுவார்?

---

நெடுஞ்சாலை | திங்கள், மாலை 4:05

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். முதல் பதிவிலேயே பதில் இருக்கிறது. நீதித்துறைத் திட்டங்களுக்கு என்று அமெரிக்கா மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அத்தனையும் போட்டு நடக்காததை, மோட்டார் சைக்கிளில் வந்த முல்லாக்கள் இரண்டு அமர்வில் செய்தார்கள். அரசாங்கம் கையில் வைத்திருந்த ஊர்களிலிருந்துகூட ஜனங்கள் கிளம்பி தாலிபான் கோர்ட்டுக்குப் போனார்கள் என்று எத்தனையோ செய்தியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏழைக்கு அது போதும். மனித உரிமை அது இது என்று நாம் இங்கே உட்கார்ந்து பேசலாம், காணி போனவனுக்குக் காணி வேண்டும்.

---

வழக்காடி | திங்கள், இரவு 9:30

//ஏழைக்கு அது போதும்//

எந்த ஏழைக்கு என்று கேட்கிறேன், நெடுஞ்சாலை அவர்களே. காணி தகராறில் இரண்டு ஆண்கள் நின்றால் அந்த கோர்ட் ஒழுங்காக விசாரித்தது, லஞ்சம் வாங்கியவர்களைக் கண்டித்தது, மேல்முறையீட்டுக்குக்கூட அடுக்குகள் வைத்திருந்தது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. 2016ல் தாலிபான் தலைவரான ஹிபத்துல்லா அகுந்த்ஸாதா அதற்கு முன் அவர்களுடைய நீதிமன்றங்களை நடத்தியவர்தான். நீதிமன்றம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காபூலில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே திண்ணையில் ஒரு பெண் போய் நின்றால்? வக்கீல் கிடையாது. அடிக்கிற கணவனிடமிருந்து பிரிய வேண்டும் என்றால் கேட்க ஆள் கிடையாது. குடியரசுக் காலத்தில் ஆயிரம் கஷ்டப்பட்டு விவாகரத்து வாங்கிய பெண்கள் பலருடைய தீர்ப்புகளை 2021க்குப் பிறகு வந்த கோர்ட்டுகள் செல்லாது என்று சொல்லிவிட்டன. சிறுமியாகக் கட்டிக்கொடுக்கப்பட்டு, வளர்ந்து, வழக்குப் போட்டு விடுதலையானவள் மறுபடி அவன் மனைவி என்கிறார்கள். அவளும் ஏழைதான்.

குடியரசின் கோர்ட் பெண்களுக்கு நல்லபடி இருந்தது என்றும் நான் சொல்ல வரவில்லை. 2015 மார்ச்சில் ஃபர்குந்தா என்ற பெண்ணைக் குர்ஆனை எரித்ததாகப் பொய்ப் பழி சொல்லி, காபூல் நடுத்தெருவில் கூட்டமாக அடித்துக் கொன்றார்கள். போலீஸ் நின்று பார்த்தது. போலீஸ்காரர்கள் 19 பேர் உட்பட 49 பேர் மேல் வழக்கு. சில நாட்களில் அவசர விசாரணை, நாலு பேருக்கு மரண தண்டனை. ஜூலையில் மேல்முறையீட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தி, நாலையும் ரத்து செய்து சிறைத் தண்டனையாக்கினார்கள். மரண தண்டனை வேண்டும் என்று கேட்கிறவள் இல்லை நான். அங்கே காசு கைமாறியது என்றும் சொல்லவில்லை. ஆனால் செத்தவளின் குடும்பத்துக்குக்கூடத் தெரியாமல் நடக்கிற விசாரணையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அதே வருடம் உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண்ணாக அனிசா ரசூலியின் பெயர் வந்தது. நாடாளுமன்றத்தில் ஒன்பது ஓட்டு குறைந்து போகவில்லை.

இருந்தும் 2021 வரைக்கும் 250க்கு மேற்பட்ட பெண் நீதிபதிகள் அங்கே வேலை பார்த்தார்கள். அந்த வருடம் ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துப் பெண் நீதிபதிகள் இரண்டு பேரை, காலையில் வேலைக்குப் போகிற காரில் வைத்துச் சுட்டார்கள். ஆகஸ்டில் சிறைக்கதவுகள் திறந்ததும், இவர்கள் தண்டனை கொடுத்தவர்களே இவர்களைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நேர்மையாக இருந்ததற்கு அவர்களுக்குக் கிடைத்தது இது.

---

முல்லைமணல் | செவ்வாய், காலை 7:20 (டொராண்டோ)

வணக்கம். நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவள். வழக்கமாக வாசித்துவிட்டுப் போய்விடுவேன், இதற்கு எழுதாமல் இருக்க ஏலவில்லை.

இரண்டு அதிகாரம் இருக்கிற ஊரில் சனம் எப்படி யோசிக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கட பக்கத்திலும் தொண்ணூறுகளில் இருந்து இயக்கத்தின், விடுதலைப் புலிகளின், நீதிமன்றங்கள் நடந்தன. என்ர பெரியம்மாவுக்கு ஒரு காணிப் பிணக்கு, எல்லைக் கதியால் (வேலி) பிரச்சினை. அங்கே போய்த் தீர்த்தவா. காசு கேட்கேல்லை, கெதியாக முடிந்தது, அது உண்மை. அந்தத் தீர்ப்புக் காகிதத்தை இடம்பெயர்ந்த நேரமெல்லாம் நகையோடு சேர்த்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு திரிந்தவா. 2009க்குப் பிறகு அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் கந்தோரில் யாரும் கையில் வாங்கவே இல்லை. திரும்பவும் முதலில் இருந்து வழக்கு.

இரண்டும் ஒன்றென்று சொல்ல வரேல்லை, எங்கட கதை வேற, அவர்களின்ர கதை வேற. ஆனால் நெடுஞ்சாலை அண்ணை, கெதியாக வருகிற தீர்ப்பு துவக்கு (துப்பாக்கி) இருக்கும் மட்டும்தான் நிற்கும். துவக்கு கைமாறினால் தீர்ப்பும் போய்விடும். வழக்காடி அக்கா சொன்ன அந்த விவாகரத்துப் பெண்களுக்கும் இதுதானே நடந்தது? அவை சட்டப்படி சரியான கோர்ட்டுக்குத்தான் போனவை.

---

நெடுஞ்சாலை | செவ்வாய், காலை 10:10

முல்லைமணல் அம்மா, நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது. 'போதும்' என்று நான் எழுதியது தவறு, திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கிடங்குக்காரர் போனது தவறு என்று யாரும் சொல்லக் கூடாது. அவருக்கு வேறு வழி விட்டு வைத்தார்களா என்பதுதான் என் கேள்வி.

---

பாலாற்றங்கரை | செவ்வாய், இரவு 8:45

யாரும் அவரைத் தவறு சொல்ல மாட்டார்கள், நெடுஞ்சாலை. புதியவனுடைய கேள்விக்கு நானும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். சம்பளம் கூடியிருந்தால் டிராயர் மூடியிருக்கலாம். மேலிடத்திலிருந்து வருகிற போனை என்ன செய்வது?

நான் போவதற்குச் சில மாதம் முன்பு, 2010 ஜூலையில் நடந்தது. தேசியப் பாதுகாப்பு கவுன்சிலில் நிர்வாகத் தலைவராக இருந்த முகமது ஜியா சலேஹியைக் கைது செய்தார்கள். பெரிய ஹவாலா நிறுவனம் ஒன்றின் மேல் நடந்த விசாரணையைத் தடுக்க, மகனுக்கு ஒரு கார் கேட்டார் என்று குற்றச்சாட்டு. போன் ஒட்டுக்கேட்ட பதிவு ஆதாரம். கைது செய்தவர்கள் அமெரிக்காவும் பிரிட்டனும் பயிற்சி கொடுத்த ஆப்கன் புலனாய்வாளர்கள். சில மணி நேரத்தில் கர்சாயின் உத்தரவில் அவர் வெளியே வந்துவிட்டார். அவர் சிஐஏவிடமே பணம் வாங்கிவந்தவர் என்று அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. லஞ்சத்தைப் பிடிக்க ஆள் பயிற்றுவித்த நாடே, பிடிபட்டவருக்கும் சம்பளம் கொடுத்திருக்கிறது!

அதே ஆகஸ்டில் துணை அட்டர்னி ஜெனரல் ஃபஸ்ல் அகமது ஃபகீர்யார், பெரிய பதவிக்காரர்கள் மேல் உள்ள வழக்குகளை அரண்மனை நகரவிடவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். அவருக்கு வேலை போயிற்று. வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். நான் அங்கே போனபோதும் கிடங்கில் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே இதைத்தான் பேசினார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. 'வாசிதா' என்று ஒரு சொல் அங்கே உண்டு, நம் ஊரில் 'ஆள் இருக்கு' என்கிறோமே அது. ஃபகீர்யாருக்கு வாசிதா இல்லை என்றார் அவர். ஒரு நாட்டின் துணைத் தலைமை அரசு வக்கீலுக்கு!

இன்னொன்றும் உண்டு. ஹாஜி லால் ஜான் என்ற பெரிய போதைப்பொருள் வியாபாரியை 2012 டிசம்பரில் காந்தஹாரில் பிடித்தார்கள். காபூலில் போதை வழக்குகளுக்கென்றே காவலோடு கட்டிய தனி நீதி மையம் இருந்தது. ஒழுங்காக வழக்கு நடந்து, இருபது வருடம் தண்டனை. அந்த ஜட்ஜுகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள். 2008ல் போதை வழக்குகளின் மேல்முறையீட்டு நீதிபதி அலீம் ஹனீஃபைக் காபூலிலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கிடைத்த தண்டனை அது. அப்புறம் என்ன ஆயிற்று? ஆளைக் காந்தஹார் சிறைக்கு மாற்றினார்கள். 2014 ஜூனில் அங்கே உள்ளூர் உத்தரவு ஒன்றைக் காட்டி வெளியே விட்டுவிட்டார்கள். பெரும் பணம் கைமாறியதாகப் பத்திரிகைகள் எழுதின. காபூலுக்கு விஷயம் தெரிவதற்குள் அவர் எல்லை தாண்டிவிட்டார் என்றார்கள்.

உயிரைப் பணயம் வைத்தவர்கள் எழுதிய தீர்ப்பை ஒரு மாற்றல் உத்தரவு அழித்துவிட்டது. என் எண்ணம் இதுதான்: டிராயரில் விழுகிற காசு கோர்ட்டை அசிங்கமாக்கியது, போனில் வருகிற உத்தரவுதான் கோர்ட்டைக் கொன்றது. அந்த 100 கோடி டாலரில் கட்டடம் வந்தது, பயிற்சி வந்தது, ஏ4 பேப்பர் வந்தது. நேர்மையாக இருந்த ஒரு ஜட்ஜோ அரசு வக்கீலோ மேலிடத்தை எதிர்த்துவிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியுமா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

---

தென்பொதிகை | புதன், காலை 9:00

போஸ்னியாவைச் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே 1992–95 போருக்குப் பிறகு, 2002 முதல் 2004 வரை பதவியில் இருந்த நீதிபதிகள், அரசு வக்கீல்கள் எல்லாரையும் மறுபடி விண்ணப்பம் போடச் சொன்னார்கள். சொத்து, போர்க்கால நடத்தை எல்லாம் பார்த்துத்தான் மறுநியமனம். நியமனத்துக்கென்றே தனிக் கவுன்சில் வைத்தார்கள். ஆப்கானிஸ்தானில் இந்த முயற்சியே நடக்கவில்லை. ஆனால் அந்தக் கவுன்சிலின் தலைவரே 2020 டிசம்பரில் வீடியோ, ஒலிப்பதிவு சர்ச்சைகளுக்குப் பிறகு ராஜினாமா செய்ய வேண்டி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை வெள்ளையடித்தால் தீர்கிற வேலையில்லை இது.

---

புதியவன்22 | புதன், மதியம் 1:30

கனி காலத்தில் ஊழல் வழக்குகளுக்குத் தனி கோர்ட் வைத்தார்களே, அது என்ன ஆனது?

---

வழக்காடி | புதன், இரவு 9:10

2016ல் வைத்தார்கள், ஊழல் தடுப்பு நீதி மையம். ஜெனரல்கள், துணை அமைச்சர் அளவில்கூட சிலரைத் தண்டித்தது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் பல தீர்ப்புகள் ஆள் இல்லாமலே. பிடிவாரண்ட் போலீசிடம் போகும், போலீஸ் அந்தப் பெரிய மனிதரின் வீட்டு வாசலில் நிற்கும் அவருடைய சொந்தக் காவல் படையைப் பார்க்கும், திரும்பி வரும். வாரண்ட் கட்டுக்கட்டாகத் தேங்கிக் கிடந்தது.

பாலாற்றங்கரை, உங்கள் கிடங்குக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்? தொடர்பில் இருக்கிறாரா?

---

பாலாற்றங்கரை | புதன், இரவு 10:50

இருக்கிறார் அக்கா. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். நிலம் அவரிடம்தான் இருக்கிறது. அந்தத் தீர்ப்பும் இன்றைக்குச் செல்லும், கொடுத்தவர்களே ஆள்கிறார்களே.

ராத்திரியில் காகிதம் படித்துக் காட்டிய பெண்ணைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அவள் காபூல் பல்கலைக்கழகத்தில் சட்டம் சேர்ந்தாள். காணாமல் போன அந்தக் கட்டுதான் காரணம் என்று அப்பாவிடம் சொல்வாளாம். மூன்றாம் வருடம் படிக்கும்போது, 2022 டிசம்பர் 20 அன்று, பெண்கள் இனிமேல் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டாம் என்று உத்தரவு வந்தது. மறுநாள் காலையில் வாசல் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறாள். 'எனக்கு நிலத்தைக் கொடுத்த கைதான் இவள் புத்தகத்தைப் பிடுங்கியது, நான் அந்தக் கோதுமையை எப்படிச் சாப்பிடுவது' என்று ஒரு தடவை குரல் அனுப்பினார். பதில் அனுப்ப எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

போன மாதம், இந்தியாவிலிருந்து ஆன்லைனில் சட்டம் படிக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தார். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

---

வழக்காடி | வியாழன், காலை 6:15

சட்டப் பட்டத்தை இங்கே அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ படித்து வக்கீலாக முடியாது, பார் கவுன்சில் ஏற்காது. அதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் வெளியே போன ஆப்கன் பேராசிரியர்கள் சிலர் தாரியிலேயே இணையத்தில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு குழுவோடு பழக்கத்தில் இருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் எவ்வளவு வரும், வீட்டில் இணையம் எந்த நேரத்தில் கிடைக்கும் என்று கேட்டுத் தனிமடலில் எழுதுங்கள். பெயரை இங்கே போட வேண்டாம்.